பதிமூணாவது ஆள்

— மூடியைக் கழட்டாதீங்கம்மா. வாரண்டி போயிடும்.

— இன்னும் விற்பனைக்கே வரலை, அதுக்குள்ள வாரண்டியா? ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்துட்டு திறக்காதேன்னா எப்படி சார்? அந்த ஸ்குரூ டப்பாவைத் தள்ளிட்டு உக்காருங்க.

— சுருக்கமா சொன்னா, தண்ணி தீர்ந்ததும் தானா நிக்கிற மோட்டார். சும்மா ஓடி எரிஞ்சு போகாது.

— நானும் சுருக்கமா கேக்குறேன். நீங்க கம்பெனி எம்.டி. மூணு வருஷம் முன்னாடி வெளிய அனுப்பின இன்ஜினியர்கிட்ட எதுக்கு யோசனை?

— பன்னண்டு பேர்கிட்ட கேட்டேன். வெளிநாட்டு ஆலோசகர் ஒருத்தரும் அதுல உண்டு. பன்னண்டு பேரும் பிரமாதம்னாங்க.

— அப்புறம் என்ன குறை?

— ஒருத்தரும் மோட்டாரைப் பாக்கலைம்மா. என் முகத்தைப் பாத்துதான் சொன்னாங்க. நாளைக்கு நான் கையெழுத்துப் போட்டா ஃபேக்டரியே இதுக்கு மாறுது. சொதப்பினா இழுத்து மூட வேண்டியதுதான்.

— அதான் முட்டுக்கட்டையைத் தேடி வந்தீங்களாக்கும். ஆபீஸ்ல எனக்கு அதுதானே பேரு.

— வச்சதே நான்தான்.

— தெரியும் சார். அந்த வாளியை இப்படி நகர்த்துங்க. சட்டை நனையும்.

— நனையட்டும்.

— ம், ஓடுது. சத்தமும் கம்மி. வாளி காலி. ஆறு, ஏழு, எட்டு... நின்னுடுச்சு.

— சொன்னேன்ல?

— இருங்க. திரும்ப தண்ணி ஊத்துறேன்... ஏன் ஓடலை?

— சுவிட்சை ஒரு தடவை அணைச்சுப் போடணும்.

— யார் போடுவா? அஞ்சாவது மாடியில தலை நிறைய சோப்போட நிக்கிற ஆளா?

— அது... அதை நாங்க யோசிக்கலை.

— பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணி வந்துச்சான்னு அதுவே ஓடிப் பாக்கணும். இந்தச் சின்ன சர்க்யூட் போர்டுல ஒரே ஒரு மாத்தம். ரெண்டு நாள் வேலை. இப்படியே வித்தீங்கன்னா ஊரே ஈரத் தலையோட உங்க வாசல்ல நிக்கும்.

— பன்னண்டு பேர்ல ஒருத்தருக்குக்கூட திரும்ப தண்ணி ஊத்திப் பாக்கத் தோணலையே. சரி, மத்தபடி?

— மத்தபடி நல்ல மோட்டார் சார். இதை வச்சு நீங்க ஜெயிச்சுடலாம்.

— உங்க வாயால 'நல்ல'ன்னு இப்பதான் முதல் தடவையா கேக்குறேன். ரெண்டு நாள் கழிச்சே கையெழுத்துப் போடுறேன். ஆனா நீங்க நாளைக்கே வாங்க. பழைய மேஜைக்கு இல்ல, என் பக்கத்து ரூமுக்கு. இனிமே நீங்க பாக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன்.

— வரேன். ஆனா பிரமாதம்னு சொல்லமாட்டேன்.

— அதுக்குத்தான் பன்னண்டு பேர் இருக்காங்களே. இன்னொண்ணும்மா. சொல்ல வெக்கமா இருக்கு. இந்த மோட்டார் எங்க ஆளுங்க யோசிச்சது இல்ல. அன்னைக்கு நான் பிரிச்சுக்கூடப் பாக்காம ஒதுக்கினேனே, உங்க வரைபடம். அதைத் தேடி எடுத்துத்தான் செஞ்சோம்.

— மூடியைத் திறந்ததுமே தெரிஞ்சுது சார். இப்ப நான் கண்டுபிடிச்ச தப்பும் என்னோடதுதான்.