பின்சக்கரத்துச் சூடு

கையைக் கழுவாமல் நான் காபி குடிப்பதில்லை. ஆகவே அந்தக் கோப்பை அப்படியே இருக்கட்டும், கேப்டன். ரேகை எடுக்க நீங்கள் தடவிய மை இன்னும் விரலில் இருக்கிறது.

எவேலியோ, கிரீஸ் படிந்த கையோடு ரொட்டியைப் பிய்த்துத் தின்பவன். ஐம்பத்திரண்டாம் வருடத்து அமெரிக்கக் கார் ஒன்றை சாந்தியாகோவில் வாடகைக்கு ஓட்டினான். நான்கு வருடங்களுக்கு முன் என் மனைவி மிரெல்டா என்னை விட்டு அவனிடம் போனாள். அதற்குப் பிறகும் அவன் வண்டி என் பட்டறைக்குத்தான் வந்தது. ஊரில் வேறு யாருக்கு பிரேக் தெரியும்?

"வாத்தியாரே, பின்சக்கரம் ரெண்டுலயும் பிரேக் டிரம் கொதிக்குது. எச்சில் துப்புனா சுர்ருங்குது."

"நீ என்ன செஞ்சே?"

"ஒரு பக்கெட் தண்ணி ஊத்துனேன்."

"அப்படியே பவுடரும் போட்டு விட்டியா?"

கேலி தன்னைத்தான் என்று புரியாமல் அவனும் சிரித்தான். இவனுக்காகத்தான் அவள் போனாள்.

பத்து நிமிடத்தில் காரணம் தெரிந்தது. கைபிரேக் கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. மிதியிலிருந்து காலை எடுத்தாலும் பிரேக் கட்டைகள் டிரம்மை விடாமல் உரசிக்கொண்டிருந்தன. கம்பியை மாற்றினால் தீர்ந்தது.

இங்கே பிரேக் எண்ணெய் கிடைப்பதில்லை. ஷாம்பூவில் ஆல்கஹாலைக் கலந்து ஊற்றிக்கொள்கிறோம். ஊருக்குள் ஓட்ட அது போதும். டிரம் மிகவும் சூடானால் அந்தக் கலவை குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். பிறகு மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. எவேலியோவுக்கு இது தெரியாது. அவனுக்குத் தெரியாதவற்றைச் சொல்லி உங்கள் காகிதத்தை வீணாக்க மாட்டேன்.

கம்பியை நான் மாற்றவில்லை. இன்னும் மூன்று சுற்று இறுக்கினேன். புதிய கலவை ஊற்றி, "மலைக்கே போலாம்," என்றேன். ஞாயிறுதோறும் மலைத் தோட்டத்திலிருந்து பூ ஏற்றி வர அவன் தனியாகப் போவான்.

அந்த ஞாயிறு வண்டி என் பட்டறை வாசலில் நின்றது. முன் இருக்கையில் மிரெல்டா, மஞ்சள் உடையில்.

"நிவால்டோ, பிரேக் நல்லாத்தானே இருக்கு? இந்த ஆளு சொன்னா நான் நம்ப மாட்டேன். நீ சொல்லு."

'இறங்கு' என்று ஒரு சொல் போதும். சொன்னால், நான் பார்த்த வண்டியில் பிழை என்று எவேலியோவின் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் அந்தக் கிரீஸ் கையால் என் தோளைத் தட்டி, பரவாயில்லை வாத்தியாரே என்பான்.

"என் கை பட்ட வண்டி. பயப்படாம போ," என்றேன்.

பூவோடு இறங்கும்போது மூன்றாவது வளைவில் வண்டி நிற்காமல் பள்ளத்தில் பாய்ந்தது என்றீர்கள். அவன் பக்கத்துக் கதவு தானாகத் திறந்து அவனை வெளியே எறிந்துவிட்டதாம். அந்தக் கதவின் பூட்டை மாற்று என்று நான் அவனிடம் சொல்லி இரண்டு வருடமாகிறது. சோம்பேறி, அதனால் பிழைத்தான். அவள் பக்கத்துக் கதவின் பூட்டை நானே சரிசெய்து கொடுத்திருந்தேன்; அது திறக்கவில்லை.

ஆம், நான்தான் செய்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: மிரெல்டா கடைசியாக நம்பியது அவனை அல்ல, என்னை.