பாதியில் அறுந்த பாட்டும் பச்சைக்கண் ரேடியோவும்

திருச்சிராப்பள்ளி, கோட்டை காவல் நிலையம். 13-8-1961, ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளையம்மாள் சொல்லச் சொல்ல ஏட்டு அமிர்தசாமி எழுதிக்கொண்டது.

என் பெயர் வெள்ளையம்மாள். வயது முப்பத்தாறு. கணவர் பெயர் பெரியண்ணன். பிறந்தது ஜீயபுரம். வாழ்க்கைப்பட்டுக் காவேரியைத் தாண்டி வந்து, பதினெட்டு வருடமாக ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் குடியிருந்து வருகிறேன். வீட்டு முன்பக்கத்திலேயே இட்லிக்கடை நடத்தி வருகிறேன். இதற்கு முன்பு நான் எந்தக் காவல் நிலையத்துக்கும் வந்ததில்லை. என் இட்லி வந்திருக்கிறது.

சின்னக்கடை வீதியில் ரேடியோக் கடை வைத்திருக்கும் பாக்கியநாதன் என் பேரில் கொடுத்த புகாரை ஏட்டு ஐயா படித்துக் காட்டினார். நான் அவர் கடை வாசலில் கூட்டம் கூட்டியதாகவும், அவரை நாலு பேர் சிரிக்கும்படி செய்ததாகவும், வயரைப் பிடுங்கி ஒரு ரேடியோவைக் கெடுத்துவிட்டதாகவும் அதில் கண்டிருக்கிறது. கூட்டம் கூடியது நிஜம். சிரித்ததும் நிஜம். நான் சிரிக்கச் சொல்லவில்லை. ரேடியோ கெட்டதா இல்லையா என்பதற்கு நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

எனக்குக் கல்யாணமான வாரம் நானும் என் கணவரும் மறுவீட்டுக்கு ஜீயபுரம் போயிருந்தோம். அங்கே போட்டிருந்த டெண்டுக் கொட்டகையில் ஒரு படம் பார்த்தோம். படத்தில் கதாநாயகன் ஆற்றுக்கு இந்தக் கரையில் நின்றுகொண்டு, ‘ஆற்றைத் தாண்டி வருவாயோ, அக்கரையில் நானிருந்தால்?’ என்று பாடினான். அக்கரையில் நின்ற பெண் பதில் பாட வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் பிலிம் அறுந்துவிட்டது. ஒட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் கொட்டகையைப் பிரித்துக் குளித்தலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதன் பிறகு அந்தப் படம் எங்கள் கண்ணில் படவே இல்லை.

என் கணவர் தினமும் விடிகாலையில் மாவாட்டும்போது அந்த ஒரு வரியைத்தான் பாடுவார். குழவி ஒரு சுற்று சுற்றினால் ஒரு தரம் வருவாயோ என்பார். அவர் குரலைப் பற்றி நான் இங்கே ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. பதினெட்டு வருடமாக ஒரு மனிதர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்க, அதற்கு அந்தப் பெண் என்ன பதில் சொன்னாள் என்று தெரியாமல் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அந்தப் பதிலைக் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ரேடியோ வாங்கப் போனதும் அதற்காகத்தான், வேறு எந்த நோக்கமும் கிடையாது.

எங்கள் கடைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அப்துல் சுக்கூர்தான், சிலோன் ரேடியோவில் நேயர் விருப்பத்துக்குக் கார்டு போட்டால் கேட்ட பாட்டைப் போடுவார்கள், கேட்டவர் பெயரையும் வாசிப்பார்கள் என்று சொன்னார். பாட்டின் முதல் வரியை அவர் எழுதுவார். என் பெயரையும் கணவர் பெயரையும் நானே எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதால், அதையும் அவரிடமே கற்றுக்கொண்டேன். அதுவரைக்கும் நான் கைநாட்டு. முதல் கார்டில் என் பெயர் முழுதாக இடம் கொள்ளாமல் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. இப்படிப் பதினோரு கார்டு போட்டோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் எதிர் காபி கிளப் வாசலில் போய் நின்று ரேடியோவைக் கேட்டேன். ஒரு தடவைகூட எங்கள் பெயர் வரவில்லை. புதிதாக வந்த ஏதோ ஒரு பாட்டையே வாரா வாரம் போட்டார்கள். அதைக் கேட்டவர்கள் என்று காட்டூரிலிருந்து மட்டும் இருபது பெயர் வாசித்தார்கள். என் நாத்தனார் காட்டூரில்தான் இருக்கிறாள். அப்படி ஆட்களே அங்கே கிடையாது என்று அவள் சொன்னாள். அது அப்போதே என் மனதில் முள்ளாகத் தைத்தது.

இதற்கிடையில் கிளப்காரர், காபி குடிக்காமல் பாட்டு மட்டும் கேட்க வருகிறேன் என்று சாடையாகச் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போன தை மாதம் எங்கள் வீட்டுக்குக் கரண்டு வந்திருந்ததால், சொந்தமாக ஒரு ரேடியோ வாங்கிவிடுவது என்று நானும் கணவரும் பேசி முடிவு செய்தோம்.

அதன் பிறகு 19-7-61 அன்று நானும் சுக்கூரும் பாக்கியநாதன் கடைக்குப் போனோம். அவர் நாலு வால்வு, ஐந்து வால்வு என்று பல பெட்டிகளைக் காட்டினார். எனக்கு வால்வு தெரியாது. ஆட்டுக்கல் வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போல ஒவ்வொரு பெட்டியையும் தட்டிப் பார்த்தேன். ஒன்று மட்டும் நல்ல மரம். ஸ்டேஷன் சரியாக அகப்பட்டால் அதன் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு பூனைக் கண் மாதிரி சுருங்கும் என்றார். அவர் திருகியதும் சிலோன் என்று ஒரு பாட்டு வந்தது. பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் நின்று பாடுவது போல அத்தனை தெளிவு. அதே புதுப் பாட்டுதான். நான் கிளம்பும்போது, புது மாடல் வந்தால் எழுதிப் போடுகிறேன் என்று சொல்லி ஒரு கார்டை நீட்டி, பெயரும் விலாசமும் எழுதச் சொன்னார். வெளி மனிதர் ஒருவர் என்னை எழுதச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சந்தோஷமாக என் பெயரையும் கணவர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன், விலாசத்தைச் சுக்கூர் எழுதினார்.

அதன் பிறகு 22-7-61 அன்று மறுபடியும் போனோம். அன்றைக்கும் அதே பாட்டு. பாக்கியநாதன் உள்ளே போயிருந்த நேரத்தில் மேஜைமேல் ஒரு கட்டுக் கார்டு இருந்தது. மேலாக இருந்தது என் கையெழுத்து. என் பெயருக்கு மேலே அந்தப் புதுப் பாட்டைக் கேட்டு எழுதியிருந்ததைச் சுக்கூர் படித்துச் சொன்னார். கட்டையும் புரட்டிப் பார்த்தார். எல்லாக் கார்டிலும் அதே பாட்டு. அதில் பாதி காட்டூர் விலாசம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் எழுதப் படித்தது யாரோ ஒருவருடைய பாட்டை விற்பதற்கா? சுக்கூரிடம் பேனாவை வாங்கி, என் கார்டில் மட்டும் அந்தப் பாட்டை அடித்துவிட்டு, ‘ஆற்றைத் தாண்டி வருவாயோ’ என்று அவரையே எழுதச் சொன்னேன். அதைத் திரும்பக் கட்டிலேயே செருகி வைத்தேன். மற்றவர்கள் கார்டைத் தொடவில்லை. இது புகாரில் இல்லை. குற்றம் என்றால் இதுதான் நான் செய்த குற்றம், நானாகவே சொல்கிறேன்.

அதன் பிறகு ஆடிப் பெருக்கு வந்தது. அம்மா மண்டபத்தில் இலை போட்டால் கீழே விழாத கூட்டம். கடையை விட்டு நகர முடியவில்லை. 5-8-61 சனிக்கிழமை மத்தியானம் என் கணவரையும் அழைத்துக்கொண்டு மூன்று பேராகப் போனோம். பாக்கியநாதன் பச்சைக்கண் பெட்டியைத் திருகி, “இதோ பாருங்க, சிலோன்” என்றார். மூன்றாவது தடவையாக அதே பாட்டு வந்தது. சிலோனில் வேறு பாட்டே கிடையாதா என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது, பாட்டில் கண்ணே என்று வந்த இடத்தில் நின்றுகொண்டு கண்ணே, கண்ணே, கண்ணே என்று விடாமல் சொல்ல ஆரம்பித்தது. என் கணவர் விவரம் தெரியாமல், “ஐயோ பாவம், சிலோன்காரருக்கு விக்கல் எடுக்குது, யாராச்சும் தண்ணி குடுங்க” என்றார். பாக்கியநாதன் முகம் மாறிப்போய்த் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். உடனே பாட்டு நகர்ந்தது. இங்கே இவர் காலைத் தட்டினால் அங்கே சிலோனில் எப்படிப் பாட்டு நகரும் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நான் ரேடியோவுக்குப் பின்னாலிருந்து போன வயரைப் பிடித்துக்கொண்டே போய், கடையின் பின்பக்கம் தொங்கிய திரையை விலக்கினேன். அங்கே ஒரு கிராமபோனில் இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

நான் அந்த வயரை உருவினேன். பிடுங்கவில்லை, உருவினேன். சிலோன் நின்றுவிட்டது. பெட்டியைத் திருகிப் பார்த்தால் வெல்லப் பாகு கொதிப்பது போல இரைச்சல்தான் வந்தது. வாசலில் ஏற்கெனவே பத்துப் பேர் நின்றிருந்தார்கள். சுக்கூர் அவர்களைப் பார்த்து, “இவரு மிதிச்சா சிலோன் நகருதுங்க, வந்து பாருங்க” என்றார். அதன் பிறகு கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டது. ஒரு பெரியவர் தானும் ஒரு மிதி மிதித்துப் பார்க்கலாமா என்று கேட்டார்.

கார்டுக் கட்டு என்ன விஷயம் என்று நான் பாக்கியநாதனை எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் முதலில் முறைத்தார். பிறகு, இசைத்தட்டுக் கம்பெனி ஆட்கள்தான் கார்டுகளைக் கட்டுக் கட்டாகக் கொடுத்துப் பெயர் எழுதி அனுப்பச் சொல்கிறார்கள், நிறையப் பேர் கேட்கிற பாட்டு என்று ரேடியோவில் வந்தால்தான் ஜனங்கள் தட்டு வாங்குவார்கள், ஊரில் எல்லாக் கடையிலும் இதுதான் நடக்கிறது என்றார். நான், “பசிச்சவங்கதானுங்களே இட்லி கேக்கணும்? அவிச்சவளே பத்துக் குரல்ல ‘எனக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு’ன்னு கத்தினா அது வியாபாரமா?” என்று கேட்டேன். இதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள். அவரை அவமானப்படுத்தியதாகப் புகாரில் இருப்பது இந்த இடம். அதன் பிறகு நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இன்று காலை ஏட்டு ஐயா வரச் சொல்லி ஆள் அனுப்பியதால் மூன்று பேரும் வந்தோம். பாக்கியநாதனும் வந்திருந்தார். வழக்கில் கண்ட ரேடியோவையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்தார். வயரை இழுத்ததில் பெட்டி உயிரை விட்டுவிட்டது, அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். நான் இதுவரை சொன்னதை எழுதி முடித்த ஏட்டு ஐயா, “கெட்டுச்சா கெடலயான்னு வாய்ப்பேச்சுல எப்படித் தெரியும்? போட்டுப் பாத்துடுவோம்” என்றார். பெட்டி நிஜமாகவே என் கையால் கெட்டிருந்தால் என்ன செய்வது என்று அப்போதுதான் பயந்தேன். சுக்கூர் வாசலில் இருக்கும் வேப்பமரத்தில் ஏறி நீளமாக ஏரியல் கம்பி கட்டினார்.

ரேடியோவைப் போட்டதும் சிலோன் வந்தது. பச்சைக் கண் சுருங்கியது. அறிவிப்பாளர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பாக்கியநாதனே வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவர் கடைக்குப் பக்கத்தில் மாவு மில் மோட்டார் ஓடுவதால் பகலெல்லாம் இரைச்சல் என்றும், ஏரியலை உயரத்தில் கட்டச் சோம்பல்பட்டுக் கிராமபோனை வைத்ததாகவும் அவரே ஒப்புக்கொண்டார். “இவ்வளவு நல்ல பெட்டிக்கு எதுக்குங்க பொய்ச் சாட்சி?” என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும், பெட்டியை இன்றைக்கே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் கூரைமேல் தானே ஏரியல் கட்டித் தருவதாகவும் சொன்னார். நான் இதே பெட்டியைத்தான் வாங்குகிறேன்.

இதை ஏட்டு ஐயா எழுதிக்கொண்டிருக்கும்போது நேயர் விருப்பம் தொடங்கியது. முதலில் அந்தப் புதுப் பாட்டு, காட்டூர் பெயர்கள். பாக்கியநாதன் தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகு, திருச்சிராப்பள்ளி ஸ்ரீரங்கத்திலிருந்து வெள்ளையம்மாள், பெரியண்ணன் என்று வாசித்தார்கள். நாங்களாகப் போட்ட பதினோரு கார்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. கடைக்காரர் கட்டோடு போன அந்த ஒரு கார்டுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். ஏட்டு ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பாட்டு ஓடிய நேரத்தில் இந்த வாக்குமூலம் எழுதப்படவில்லை.

கதாநாயகன், ஆற்றைத் தாண்டி வருவாயோ என்று கேட்டான். பிலிம் அறுந்த இடம் வந்தது, தாண்டிப் போனது. அந்தப் பெண் பதில் பாடினாள்:

‘பாட்டை நீ நிறுத்திவைத்தால் பத்து ஆறு தாண்டுவேன்.’

காவல் நிலையத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். லாக்கப்பில் இருந்த ஒருவரும் சிரித்தார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கணவர் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்து, “பதினெட்டு வருஷமா உனக்கும் அப்படித்தான் இருந்துச்சா, வெள்ளையம்மா?” என்று கேட்டார்.

படத்தில் அந்தப் பெண் சொன்ன பதில் என் பதில் அல்ல என்பதையும் இதில் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி ஏட்டு ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஆற்றைத் தாண்டி வந்தே பதினெட்டு வருடம் ஆகிறது. நாளைக் காலையிலும் அவர் பாட வேண்டும்.

இதில் எழுதியது அத்தனையும் என் வாயால் சொன்னது, என் மனதறிய நிஜம். ஏட்டு ஐயா படித்துக் காட்டக் கேட்டேன், பிசகு ஒன்றும் இல்லை. மைப் பெட்டி வேண்டாம், பேனா கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) வெள்ளையம்மாள்