சித்ராதேவி காவல் காத்த கண்ணாடி

இந்த மேசைக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. நீங்கள் எழுதும்போதெல்லாம் ஆடுகிறது பாருங்கள். ஓர் அட்டையை மடித்து அடியில் கொடுத்தால் நின்றுவிடும். வந்ததும் வராததுமாகச் சொல்ல வேண்டாமே என்றுதான் இருந்தேன். ஆனால் ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடிவதில்லை. தொழில் அப்படி.

யாரும் கூப்பிடாமல் நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். உங்கள் விசாரணையில் மகுடேஸ்வரன் என்ற என் பெயருக்கு நேரே 'கவனக்குறைவு' என்று எழுதப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது எனக்கு வலித்தது. கட்டட வேலையில் டிப்ளமோ முடித்த நாளிலிருந்து என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சி பிளாக் இடிந்து விழுந்ததற்கு எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கட்டும், என் கவனக்குறைவு காரணமில்லை. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குடியிருப்புகளைக் கட்டிய வீட்டு வசதி வாரியத்துக்கு அவற்றைப் போய்ப் பார்க்க ஆள் இல்லை. அதனால் பாதுகாப்பு ஆய்வு, பராமரிப்பு, குறை கேட்கிற போன் எல்லாவற்றையும் ஒரு தனியார் கம்பெனியிடம் விட்டார்கள். கம்பெனிக்கு ஊருக்குள் ஒரு ரூம். அந்த ரூமுக்கு நான். போனை எடுப்பவனும் நான், போய்ப் பார்ப்பவனும் நான், பார்த்தாயிற்று என்று கையெழுத்துப் போடுபவனும் நான். வாரியத்துப் பொறியாளர் தங்கமான மனுசர். எப்போது பேசினாலும், "நீங்க பாத்தா நாங்க பாத்த மாதிரிதானுங்க" என்பார்.

சி பிளாக்கில் பாதிப் பேர் ஆற்றோரக் குடிசைகளிலிருந்து வந்தவர்கள். மீதிப் பேர் உசிலம்பட்டி, தேனிப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். இடம் பழைய பாறைக்குழி. கல் உடைத்து முடிந்த பிறகு ஊர்க் குப்பையையும் மண்ணையும் கொட்டி நிரப்பி, அதன்மேல் கட்டியது. மழைக்காலம் வந்தால் அடியில் மண் உட்காரும். போன வருடம் உட்கார்ந்தது. தரைத்தளத்தில் மாடிப்படி ஓரமாக, கீழிருந்து மேலே சாய்வாக ஒரு விரிசல் விட்டது.

விரிசல் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. சன்னமான கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் இரண்டு பக்கச் சுவரிலும் இறுக ஒட்டிவிட வேண்டும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். உடையாமல் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். நான் ஒட்டினேன். முதல் கண்ணாடியை முறைப்படி, இரண்டு பக்கமும் எபாக்சி பசை போட்டுத்தான் ஒட்டினேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, உடைந்துவிட்டது.

உடைந்ததைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும். அன்று சாயங்காலமே வாரியத்துக்கு எழுதியிருப்பேன். நான் பொய் சொல்லவில்லை, எழுதத்தான் இருந்தேன். அதற்குள் சித்ராதேவி வாயைத் திறந்தார்.

அவர் வீடு விரிசலுக்கு எதிரே, தரைத்தளத்தில். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். கணவர் மூக்கையா சாயப்பட்டறையில் இருந்தார், ஆஷா என்று ஒரே மகள், நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜனங்கள் சுற்றி நின்றார்கள். "இன்ஜினியர் சார், பயமில்லைங்களே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பதில் சொல்ல நான் திரும்புவதற்குள் சித்ராதேவி முந்திக்கொண்டார்.

"சார், கோவிச்சுக்கிறாதீங்க. நீங்க கான்ட்ராக்ட் ஆளுதான? வாரியத்துல இருந்து நெசமான இன்ஜினியரு ஒருத்தர வரச் சொல்லுங்க. இது புள்ளகுட்டி இருக்குற எடம்."

யாரோ சிரித்தார்கள். பெரிய சிரிப்பு ஒன்றுமில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வாண்டுகள் எல்லாம் என்னைக் 'கான்ட்ராக்ட் சார்' என்று கூப்பிட ஆரம்பித்தன. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. நான் கான்ட்ராக்ட் ஆள்தான். ஆகவே எனக்குக் கோபம் வரவில்லை. நான் வாரியத்துக்கு எழுதாமல் விட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்தேன். காலி செய்யச் சொன்னால் இவர்கள் எங்கே போவார்கள்? ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போடுவார்கள். பனியன் கம்பெனி பஸ் அங்கே வராது. பிள்ளைகளின் படிப்பு கெடும். பாவமாக இருந்தது. அவர்களுக்கு வேண்டியது நிம்மதி, அதைக் கொடுப்பது என் கையில் இருக்கிறது என்று பட்டது. மறுநாள் புதுக் கண்ணாடி ஒன்று கொண்டுபோனேன். ஒரு முனைக்கு எபாக்சி. மறுமுனைக்கு அதே நிறத்தில் சாயம் கலந்த மெழுகு. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். சுவர் நகர்ந்தால் மெழுகுப் பக்கம் வழுக்கிக் கொடுக்குமே தவிர, கண்ணாடி உடையாது. சரியான பதத்துக்கு மெழுகைக் கொண்டுவர எனக்கு மூன்று தடவை ஆயிற்று. இதைப் போய்க் கவனக்குறைவு என்கிறீர்கள்.

ஒட்டி முடித்ததும் எல்லாரையும் கூப்பிட்டேன். "ஏனுங்கம்மா, கான்ட்ராக்ட் ஆளு பேச்சும் வேண்டாம், வாரியத்து ஆளு பேச்சும் வேண்டாமுங்க" என்று சித்ராதேவியிடம் சொன்னேன். "இனி நீங்களே பாத்துக்குங்க. இது உடைஞ்சா எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போயிருங்க. எனக்குப் போன் பண்ணக்கூட வேண்டாமுங்க. உடையலீன்னா நிம்மதியா இருங்க. கண்ணு ஏமாத்துமுங்க, கண்ணாடி ஏமாத்தாது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு பொறுப்பை நம்பிக் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? வாரியம் தன் வேலையை எங்களிடம் கொடுத்தது, நான் என் வேலையை அவரிடம் கொடுத்தேன். அவ்வளவுதான்.

கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் பனியன் வேஸ்ட் துணியால் கண்ணாடியைத் துடைப்பாராம். சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பாராம். மாடியில் இருப்பவர்கள் படியேறும்போது, "என்னக்கா, எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள். நான் ஆய்வுக்குப் போனால் ஆஷா ஓடி வந்து, "சார், இன்னைக்கும் உடையல" என்பாள். கெட்டிக்காரப் பிள்ளை.

நடுவில் ஒருநாள் சித்ராதேவி டீ போட்டுக் கொடுத்தார். "அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லிட்டேன் சார். மனசுல வச்சுக்கிறாதீங்க" என்றார். "அதையெல்லாம் அன்னைக்கே மறந்துட்டனுங்க" என்றேன். டீ நன்றாக இருந்தது. விரிசல் அகலமாகிற மாதிரி தெரிகிறது என்று அவர் தயங்கிக்கொண்டே காட்டினார். அகலமாகித்தான் இருந்தது, என் சுண்டுவிரல் நுனி உள்ளே போயிற்று. "கண்ணாடி என்னங்க சொல்லுது?" என்று கேட்டேன். "உடையல சார்" என்றார். "அப்புறம் என்னங்க?" என்றேன். எபாக்சி டப்பா அன்று என் பையில்தான் இருந்தது. மெழுகைச் சுரண்டிவிட்டு ஒழுங்காக ஒட்டக் கால் மணி நேரம் போதும். அடுத்த வாரமே அது உடைந்திருக்கும், எல்லாரும் இறங்கியிருப்பார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கொடுத்தேன்.

இரண்டாவது மாடியில் என் சின்னம்மா ரங்காத்தாள் குடியிருந்தார். அவரை அடுத்த மழைக்கு முன்னாலேயே தாராபுரத்தில் இருக்கிற மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நேற்று நீங்கள் இதைப் பெரிதாகப் பிடித்துக்கொண்டதாக என் வக்கீல் சொன்னார். சின்னம்மாவுக்கு முட்டி வலி, படியேற முடியவில்லை. எல்லாரிடமும் அதைத்தான் சொன்னேன். சாமான்களை இறக்கச் சித்ராதேவியும் மூக்கையாவும்தான் கைகொடுத்தார்கள். பீரோவை இறக்கும்போது கண்ணாடியில் இடித்துவிடக் கூடாதே என்று சித்ராதேவி அதற்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத் தெரியும். இரண்டு நாள் மழை கொட்டி ஓய்ந்திருந்தது. லீவு நாள், எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். மதியம் சாப்பிட உட்காருகிற நேரம் எனக்குப் போன் வந்தது.

"சார், நான் சித்ராதேவி பேசுறேன். செவுத்துக்குள்ள என்னமோ நெரியிற சத்தம் கேக்குது சார். குழம்புல எல்லாம் காரை உதிருது. எல்லாரும் எறங்கி வெளிய வந்துட்டோம்."

"கண்ணாடி என்னங்க சொல்லுது?" என்றேன்.

போனோடு ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்திருப்பார். "உடையல சார். கீறல்கூட இல்ல. ஆனா பயமா இருக்கு சார். என்ன செய்யட்டும்? மறுபடி மழை தூறுது, பச்சப் புள்ளைகளெல்லாம் நனையுது."

இந்த இடத்தில் நான் யோசித்தேன். அவசரப்படவில்லை. 'உள்ளே போகாதீர்கள்' என்று சொல்லலாம். சொன்னால், கண்ணாடி உடையாதபோது எப்படிச் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்பார். அவ்வளவு ஜனங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்பார். 'நெசமான இன்ஜினியர்' வந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்றும் யாராவது கேட்பார்கள். அதெல்லாம் நன்றாக இருக்காது என்று பட்டது.

"பாக்கறது உங்க பொறுப்புங்கம்மா. உங்களுக்கு எப்படித் தோணுதோ, அப்படிச் செய்யுங்க" என்றேன். போனைக் காதிலிருந்து எடுக்கும்போது அவர் குரல் கேட்டது. "எல்லாரும் மேல போங்க. ஒண்ணுமில்ல, கண்ணாடி அப்படியேதான் இருக்கு. ஏய் ஆஷா, நனையாத, உள்ள போ. அம்மா தயிர் வாங்கிட்டு வந்துர்றேன்."

நான் சாப்பாட்டைத் தொடர்ந்தேன். ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றிக்கொண்டதாக என் மனைவி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அப்படியொன்றும் இல்லை. முக்குக் கடையில் தயிர் வாங்கிக்கொண்டு சித்ராதேவி திரும்பியபோது அங்கே சி பிளாக் இல்லை. எத்தனை பேர் என்று உங்களிடம் கணக்கு இருக்கிறது. மூக்கையாவும் ஆஷாவும் அதில் இருக்கிறார்கள்.

கேள்விப்பட்டதும் நான் அரக்கப் பரக்க ஓடிப்போய்க் கல்லை அள்ளினேன். நீங்கள் அதையும் எழுத வேண்டும். சாயங்காலம் வரை அள்ளினேன், நகம் பெயர்ந்துவிட்டது. மிஞ்சிய ஜனங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு 'இன்ஜினியர் சார், இன்ஜினியர் சார்' என்று அழுதார்கள்.

இதையெல்லாம் சொன்னால் என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். கவனக்குறைவு என்றால் குறைவு, வேண்டுமென்றே என்றால் அதிகம். பரவாயில்லை. நான் தெரிந்துதான் செய்தேன். விழும் என்று தெரியும், மழையில் விழும் என்றும் தெரியும், அவர்கள் உள்ளே போவார்கள் என்றும் தெரியும். அவர்களாகவே போகும்படி செய்ததும் நான்தான். தெரியாமல் செய்துவிட்டான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ஒன்றே ஒன்று பாக்கி. மூன்றாம் நாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சித்ராதேவியைப் பார்த்தேன். அவருக்குக் காயம் ஒன்றுமில்லை, மயங்கி விழுந்துகொண்டே இருந்ததால் படுக்க வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கட்டிலிலிருந்து இறங்கி என் காலைப் பிடித்துக்கொண்டார்.

"மயிரு கனத்துல ஒரு கீறல் இருந்திருக்கும் சார். நான்தான் சரியாப் பாக்காம விட்டுட்டேன். நீங்க நம்பிக் குடுத்தீங்க. நான்தான் சார் எல்லாரையும் உள்ள போகச் சொன்னேன். எம்புள்ளைய நான்தான் சார் உள்ள போகச் சொன்னேன்."

தூக்கி உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். கீறல் ஏதும் இருந்திருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் அந்த நிலையில் அவரைக் குழப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன். "அழுகாத கண்ணு. தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நான் அவரை மன்னித்துவிட்டேன் என்பதையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள்.