தலையாட்டலை நம்பிப் போட்ட கையெழுத்து

பொறுப்பைத் தோளிலும் புன்னகையை முகத்திலும் தாங்கித் தலைமையேற்றிருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, இயந்திர இரைச்சலில் இளமையைக் கழித்த மூத்த தொழிலாளர்களே, பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு வாசலையே பார்த்திருந்த தாய்மார்களே, வணக்கம்.

பத்தாம் வகுப்பை இரண்டே முறையில் எழுதி முடித்த என்னைச் சிறந்த பயிற்சியாளர் என்கிறார்கள். முன்வரிசையில் என் மனைவி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். வீட்டில் என் பேச்சுக்குச் செவி கிடைக்காமல்தானே இந்த வேலைக்கே வந்தேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாளைக் காலை பதினொரு பேர் தகடு அழுத்தும் இயந்திரத்தின் முன் நிற்கப் போகிறார்கள். தேறிவிட்டார்கள் என்று கையெழுத்திட்டவன் நான். எதை நம்பி இட்டேன்? பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்றேன். பதினொரு தலைகள் ஆடின. அதில் ஒன்று என் மகளுடையது.

நேற்று சாப்பிடும்போது அவள் மெல்லக் கேட்டாள்: "அப்பா, தகடு சிக்கிக்கிட்டா மெஷினை நிறுத்திட்டு எடுக்கணுமா, எடுத்துட்டு நிறுத்தணுமா?"

வாய்க்குப் போன கவளம் பாதியில் நின்றது. "கிளாஸ்ல ஏம்மா கேக்கல?"

"எல்லாரும் தலையாட்டினாங்க. நான் மட்டும் கேட்டா, வாத்தியார் பொண்ணே மக்குன்னு சிரிப்பாங்க. உங்களுக்குத்தானப்பா அசிங்கம்."

என் மானத்துக்காகத் தன் விரல்களைப் பணயம் வைத்திருக்கிறாள்.

இன்று காலை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒவ்வொருவராக அழைத்தேன். "மெஷின் ஓடுதுன்னு வச்சுக்கங்க. தகடு சிக்கிடுச்சு. செஞ்சு காட்டுங்க." ஆறு பேர் நேராகக் கையை உள்ளே விட்டார்கள். ஆறு பேர், ஐயா.

"இதையெல்லாம் மேடையிலயா அண்ணே சொல்றது?" என்கிறார் அங்கே ஒருவர். வேறு எங்கே சொல்லட்டும் தம்பி, மருத்துவமனை வாசலிலா?

மணிக்கணக்கில் முழங்கினேனே, ஒரு மணித்துளி செவி கொடுத்தேனா? சந்தேகம் கேட்பவர் மக்கு இல்லை என்று ஒரு நாளாவது சொன்னேனா? தயங்கிய முகத்தின் பக்கத்தில் போய் நின்றேனா? "புரிஞ்சுதா" என்றால் பயம் பதில் சொல்கிறது. "செஞ்சு காட்டுங்க" என்றால்தான் கை பதில் சொல்கிறது.

மேலாளர் ஐயா, என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு நாள் இயந்திரம் நிற்கட்டும். உற்பத்தி குறையும், தெரியும். என் வேலைக்கே உலை வைத்தாலும் வையுங்கள். இரண்டே நாள்.

என்ன ஐயா? கேட்டீர்களா, மூன்று நாள் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

கைதட்டுகிறீர்கள். நன்றி. அந்தப் பதினொரு பேரும் தட்டுகிறார்கள், இங்கிருந்து பார்க்கிறேன். அத்தனை விரலும் இப்படியே இருக்கட்டும்.

வணக்கம்.