சாப்பாட்டு அறையின் வாசகர்

அன்று மதியம் கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும். எங்கள் மடத்துத் தலைவர் சவுரிராயன் சாமி தட்டைப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் பல் இல்லாதவனுக்கும் பண்டிகைதான் என்றார். அவருடைய பல்செட்டைத் திண்டிவனத்தில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தோம். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் ஜெபம் சொன்னார். நான் வாசிக்கத் தொடங்கினேன்.

சாமியின் முப்பதாம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள், ஃபாதர். எழுதுவதற்குள் நான்கு முறை எழுந்து வராந்தாவில் நடந்துவிட்டு வந்தேன். மலரில் போடுவதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மறைமாவட்டத்திலிருந்து பொறுப்புக்கு வந்திருக்கும் உங்களுக்கு எங்கள் வழக்கம் முழுதாகத் தெரிந்திருக்காது. பெனடிக்டின் மடத்தில் சாப்பிடும்போது பேச்சு கிடையாது. ஒருவர் வாசிப்பார். மற்றவர்கள் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்பார்கள். தலைவர் மூன்று தரம் மணி அடித்தால்தான் வாசகர் நிறுத்தலாம். அவர் சாப்பிடுவது அதற்குப் பிறகுதான். வாசகரின் மேடை தலைவருக்கு நேர் எதிரே. அவர் முகத்தைப் பார்க்கக்கூடியவர் வாசகர் ஒருவர்தான். இருபத்திரண்டு வருடமாக அது நான்.

நான் கிளியனூருக்குப் பக்கத்து ஊர். அப்பா கூலிக்காரர். எங்கள் தெருக்காரர்களை ஊர் மாதா கோவிலில் பைபிள் வாசகம் படிக்க விட்டதில்லை. ஒரு முறை, சகாயராஜ் நன்றாகப் படிப்பான், ஒரு ஞாயிறு படிக்கட்டுமே என்று அம்மா அம்சவள்ளி போய்க் கேட்டாள். கோவில் பெரியவர் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது.

"படிச்சா மட்டும் போதுமா? நாங்க ஒக்காந்து கேக்கணும்ல."

மடத்தில் சேர்ந்த முதல் வாரமே சவுரிராயன் சாமி என்னை மேடையில் ஏற்றினார். எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள்.

அவர் இறப்பதற்கு முந்தின நாள் மடத்து மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒனக்குத் தொண்ட கட்டிக்கினே கீதுடா சகாயம். ஞாயித்துக்கெழமைலேர்ந்து பிரான்சிஸ் படிக்கட்டும். எத்தினி வருசமா ஆறிப்போனத துன்றே? நீயும் ஒக்காந்து சூடா சாப்பிடு."

சரிங்க சாமி என்றேன். அவர் அன்பினால்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த வாரம் வாசித்தது, நானூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த ஒரு மடாதிபதியின் வரலாறு. படைகள் வந்து மடத்துத் தானியத்தைக் கேட்கின்றன. அவர் வாசலில் நின்று பேசுகிறார். மறுநாள் மதியம் அந்த இடத்தை வாசிக்கும்போதுதான் நிமிர்ந்தேன். சாமி இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்திருந்தார். சத்தமே இல்லை. முழுதாக அடைத்துக்கொண்டால் இருமல்கூட வராது என்று டாக்டர் பிறகு சொன்னார். சாமி என்னையே பார்த்தார். மணியை எடுக்கக் கையை நீட்டினார். அது சரிந்து ஒரு தரம் ஒலித்தது.

மாசிலாமணி பிரதர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். வாசகர் நிறுத்தவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அவர் மறுபடி குனிந்துகொண்டார்.

ஒரு பக்கம் வாசிக்க எனக்கு மூன்று நிமிடம் ஆகும். அந்தப் பக்கத்தை முடித்து அடுத்ததைப் புரட்டினேன். குரல் அன்று கட்டவே இல்லை. பிறகுதான் சாமி மேசைமேல் சாய்ந்தார்.

மாசிலாமணி பிரதர் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.

"மணி சத்தம் கேட்டும் குனிஞ்சிக்கினேனே. ஒனக்குக் கேக்கலியா சகாயம்?"

கேட்கவில்லை என்று சொல்லிவருகிறேன். கேட்டது, ஃபாதர். முறைப்படி மூன்று தரம் அடிக்கவில்லை, அவ்வளவுதான். சாமியின் முகம் நிறம் மாறியதையும் பார்த்தேன். நிறுத்தியிருந்தால் நான்கு பேர் ஓடியிருப்பார்கள், பிழைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை நான் கீழே உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டிருப்பேன். அதனால் நிறுத்தவில்லை.

அவரை என்னளவுக்கு நேசித்தவர் இந்த மடத்தில் வேறு யாருமில்லை.

வாசகரை மாற்றப்போவதை அவர் என்னைத் தவிர யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு இன்னமும் நான்தான் வாசிக்கிறேன்.