வலது கன்னத்து மச்சம்

ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் நான் தினமும் முகச்சவரம் செய்துகொள்கிறேன். இறப்பர் மலையில் முப்பத்திரண்டு வருடம் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் முகத்தைக் கண்டபடி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம். என் வலது கன்னத்து மச்சத்தைச் சுற்றிக் கத்தி போகவே இரண்டு நிமிடம் பிடிக்கும். மற்றபடி லட்சணமான முகம்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, விஷயத்துக்கு வேண்டியிருப்பதால் சொல்கிறேன்.

நடுவர்களாகிய நீங்கள் கேகாலைக் கண்காட்சியில் முதலிடம் கொடுத்த நீர்வர்ண ஓவியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதை வரைந்த தர்மிளா டீச்சர், கித்துல்கலைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டப் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறார். அந்தப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கச் செயலாளர் நான். ஆகவே அவர் வரைவதை மேற்பார்வை செய்ய நான் அடிக்கடி போவதுண்டு. அவர் கேட்டதில்லை.

ஐரோப்பாவில் எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முன்னால் துறவிகள் ஏட்டில் வரைந்த விதிச் சக்கரம்தான் படத்துக்கு மூலம் என்று டீச்சர் சொன்னார். பெரிய சக்கரம். ஒரு பக்கம் ஒருவன் ஏறுகிறான், உச்சியில் ஒருவன் கிரீடத்தோடு உட்கார்ந்திருக்கிறான், மறுபக்கம் ஒருவன் தலைகுப்புற விழுகிறான், நாலாவது ஆள் அடியில் கிடக்கிறான். டீச்சர் அதை நம்மூருக்குக் கொண்டுவந்திருந்தார். உச்சியில் இருந்தவனுக்குத் தோட்டத்துத் துரைமாரின் அரைக்காற்சட்டையும் கழுதைக் காதும் வைத்திருந்தார். அந்தக் காதுகூடப் பழைய ஏட்டில் உள்ளதுதானாம்.

மேகத்தை வெள்ளையாக விடுவதற்கு அவர் இறப்பர் பாலைப் பாவித்தார். சிரட்டையில் பாலை எடுத்து, உறையாமல் இருக்க அமோனியா கலந்து, தூரிகையால் காகிதத்தில் பூசுவார். அது காய்ந்த பிறகு மேலே நீலத்தை ஓடவிடுவார். பிறகு பாலை உரித்தெடுத்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும். ஏற்கெனவே வர்ணம் பூசிய இடத்தில் தவறிப் பட்டுவிட்டால் வர்ணமும் சேர்ந்து உரிந்து வந்துவிடும் என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார். காதில் விழுவதை மறக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

பெற்றோர் தினத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நாலாவது ஆளுக்கு முகம் வந்தது. சவரம் செய்த முகம். நீண்ட மூக்கு. கன்னத்தில் மச்சம். தினமும் கண்ணாடியில் எந்தப் பக்கம் மச்சத்தைப் பார்க்கிறேனோ, படத்திலும் அதே பக்கம்.

எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தம்தான். உச்சியில் வைத்திருந்தால் கழுதைக் காதைக்கூட நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். அடியில் வைத்துவிட்டார். பெற்றோர் தினத்தன்று முழுத் தோட்டமும் வந்து பார்க்கும். முழு நாள் வேலைக்கு நான் அரை நாள் பேர் போட்டுச் சம்பளம் குறைத்தவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். டீச்சருடைய நல்ல பெயரைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு எனக்கு இருந்தது.

புதன்கிழமை மதிய இடைவேளையில் டீச்சர் அதிபரைப் பார்க்கப் போயிருந்தார். பால் மேசையிலேயே இருந்தது. அந்த முகத்தை ஈரத்துணியால் மெல்ல ஒற்றி, பாலைப் பூசி, வரவுப் பதிவேட்டால் விசிறினேன். காய்ந்ததும் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தேன். ஒரே துண்டாக வந்தது. முப்பத்திரண்டு வருடம் பாலோடு பழகிய கை. தோலைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு, சோறு ஆறுவதற்குள் வீட்டுக்குப் போய்விட்டேன்.

விசாரணை நடத்தப் பொறுப்பான ஆள் வேண்டும் என்று அதிபர் என்னையே கேட்டார். மறுத்தால் சந்தேகம் வரும் என்பதற்காக இல்லை, கடமை என்பதால் ஒப்புக்கொண்டேன். அந்த மதியம் வகுப்பறையைக் கூட்டித் துடைத்தவள் இருளாயி. வாளியும் ஈரத்துணியும் அவளிடம்தான் இருந்தன. முன்பு என் மலையில் பால் வெட்டியவள். இப்போது பாடசாலையைச் சுத்தம் செய்யும் வேலை.

"அது எங்க வீட்டுக்காரரு மொகங்க ஐயா," என்றாள். "அத நானே அழிப்பேனாங்க?"

அவளுடைய புருஷன் இராமசாமி இறந்து ஆறு வருடம். வீட்டில் இருந்த போட்டோக்கள் எல்லாம் மண்சரிவில் போய்விட்டன. பாடசாலை விட்ட பிறகு இவள் எட்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கு, நாடி என்று சொல்லச் சொல்ல, டீச்சர் அழித்து அழித்து வரைந்தாராம்.

"புருஷன்னு சொல்றியே, அடியில போட்டு நசுக்கி வச்சிருக்கு, பாக்கலியா?" என்றேன்.

"நசுக்கலைங்க. சக்கரத்தையே அவருதான் தாங்கிக்கிட்டு இருக்காரு. டீச்சரும் அப்பிடித்தான் சொன்னாங்க."

"அவன்தான்னு என்ன அத்தாட்சி?"

"மச்சம் இருக்குங்களே. அவருக்கு எடது கன்னத்துல. ஒங்களுக்குத்தான் சோத்துக்கைப் பக்கம்."

என் கை கன்னத்துக்குப் போனது. கண்ணாடி இடம்வலம் மாற்றிக் காட்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்தான். தினமும் பார்க்கிறோமே என்று யோசிக்காமல் விட்டுவிட்டேன். கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். பிறகு, 'சாட்சி கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பேசினார்' என்று எழுதிக்கொண்டேன்.

அவளை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. நிறுத்தினால் ஆட்சேபனை இல்லை என்றுதான் எழுதினேன். வித்தியாசம் உண்டு. நிறுத்திவிட்டார்கள். அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"தொடச்சது இல்லைங்க ஐயா, பாலு வச்சு உரிச்சிருக்காங்க. உரிச்ச தோலு எங்கயாச்சும் இருக்கும். யாருகிட்ட இருந்தாலும் அத மட்டும் குடுக்கச் சொல்லுங்க. எனக்கு வேற படம் இல்லைங்க."

விசாரிக்கிறேன் என்று சொன்னேன்.

உரித்த இடத்தில் காகிதம் வர்ணம் பிடிக்கவில்லை. டீச்சர் மூன்று நாள் முயன்று பார்த்து, அழுதுவிட்டு, வெறும் முகத்தோடே படத்தைக் கேகாலைக்கு அனுப்பினார். பரிசளிப்புக்கு என்னையும் கூட்டிப்போனார்கள், மூன்றாம் வரிசையில் இருந்தேன். உங்களில் ஒரு அம்மணி அந்த வெற்று முகத்தைக் காட்டி "ஹரிம அபூருய்" என்றார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், மிக அற்புதம் என்று அர்த்தம். படத்தின் உயிரே அந்த முகமின்மைதான், பயந்த கையால் இதைச் செய்ய முடியாது என்றார். டீச்சர் எழுந்து, "அத நான் செய்யலை மேடம், யாரோ நாசமாக்கினது," என்றார். அதற்கு அம்மணி, அப்படியானால் அந்த யாரோதான் உண்மையான கலைஞன் என்று சிரித்தார்.

அன்றைக்குத்தான் என் மனச்சாட்சி உறுத்தத் தொடங்கியது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். முகத்தை அழித்தது நான். வேறு யாருக்கும் பங்கில்லை. இதை நீங்கள் பகிரங்கப்படுத்தலாம். படத்துக்குக் கீழே உள்ள அட்டையில் டீச்சரின் பெயர் மட்டும் இருப்பது சரியல்ல. 'வெற்று முகம்: மு. சுரேந்திரன், கணக்கப்பிள்ளை (ஓய்வு)' என்று சேர்த்துவிடவும். எழுத்து அவருடைய பெயரின் அளவில் இருந்தால் போதும். இருளாயியைத் திரும்ப வேலைக்கு எடுப்பதிலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

தோல் விஷயம் மட்டும் மீதி. அவள் இன்னும் டீச்சரிடம் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். அதைக் கொடுக்க வழியில்லை. ஒவ்வொரு நாளும் சவரம் முடிந்ததும் தீப்பெட்டியைத் திறந்து, வர்ணம் ஒட்டிய பக்கம் என்னைப் பார்க்க உள்ளங்கையில் விரித்துப் பார்க்கிறேன். உரித்ததில் படம் இடம்வலம் மாறி விழுந்திருக்கிறது. மச்சம் இப்போது சரியாக வலது கன்னத்தில் இருக்கிறது. என் முகத்தைத் தூக்கி இன்னொருத்தியிடம் எப்படிக் கொடுப்பது?