நரசிம்ம வேஷம் கட்டும் தம்பி

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்: "நாளைக்கு என் தம்பி என் வயித்தக் கிழிக்கணும்."

"கூத்துலதானே?"

"கூத்துலதான். அப்பா நம்ம நாடக சபாவ ஆரம்பிச்சப்போ அவர்தான் இரணியன். நரசிம்ம வேஷம் கட்டினவருக்கு சாமி வந்து, நெசமாவே கீறிட்டாரு. பதினாலு தையல். அதோட அந்த ஆட்டத்தையே நிறுத்திட்டாங்க. இப்போ ஊர்க்காரங்க கேட்டாங்கன்னு திரும்ப எடுத்திருக்கோம். நான் இரணியன், தம்பி நரசிம்மம்."

"கூடப் பொறந்தவன்தானேப்பா?"

"நெலத் தகராறுல மூணு வருஷமா பேச்சில்ல. மேடையில மட்டும்தான் பேசிக்குவோம். காலையில போன் பண்ணான். 'அண்ணா, நகத்த ஒட்ட வெட்டிட்டேன்'னான்."

"அப்புறம் என்ன பயம்?"

"அவனுக்கும் அந்த பயம் இருக்குதேப்பா."